பெண்கள் கால்பந்துக்கும் ஊர் மக்களுக்கும் பொதுவாக ஒரு பயிற்சி மைதானம் அமைக்கப்போகிறோம். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கழிப்பறையை. அதிலும், அதன் சாவி யார் கையில் இருக்கப்போகிறது என்பதை.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் இடம் கிடைத்துவிட்டது, பணமும் எங்கிருந்தோ வருகிறது, இன்ஜினியர் ஒரு வரைபடமும் போட்டுவிட்டார் என்று தோன்றுகிறது. அதில் ஒரு மூலையில் 'பெண்கள் உடை மாற்றும் அறை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அப்படி ஒரு கட்டத்தை நம்பி நாங்கள் நான்கு வருடம் காத்திருந்தோம்.

நான் மாவட்ட அணி வரை ஆடியவள். இப்போது பி.டி. டீச்சர். ஊர் பெயர் வேண்டாம், வட மாவட்டம் ஒன்றில் சின்ன நகரம். நான் ஆடிய காலத்தில் மைதானத்தில் அறையே கிடையாது. சுடிதாருக்குள்ளேயே ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வருவோம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் இரண்டு பேர் போர்வையைத் தூக்கிப் பிடிக்க, சுவரோரம் ஒருத்தி குனிந்து மாற்றுவாள். மேட்ச் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்தால் எங்கே போவது? மே மாத வெயிலில் இரண்டாம் பாதி தொடங்கி பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். "பொண்ணுங்களுக்கு ஸ்டாமினா பத்தாது" என்று ஓரத்தில் நின்று பேசுவார்கள். எங்களிடம் ஸ்டாமினா இருந்தது. வயிற்றில் தண்ணீர்தான் இல்லை. இதை அன்றைக்கு யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த பிறகு அதே மைதானத்தில் அறை கட்டினார்கள். கல்வெட்டு வைத்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள். மறுநாள் பிள்ளைகளோடு போனால் பூட்டு. சாவி நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு அலுவலகத்தில். கடிதம் எழுதிக் கொடுத்தால் தருவார்களாம், ஐந்து மணிக்குத் திருப்பித் தர வேண்டுமாம். எங்கள் பயிற்சி தொடங்குவதே நாலரைக்கு. ஒருமுறை திறந்து பார்த்தபோது உள்ளே சுண்ணாம்பு மூட்டை, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, கொடிக்கம்பு. தண்ணீர்க் குழாய் இருந்தது, இணைப்பு இல்லை.

அப்புறம் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பயிற்சி நடுவில் என்னிடம் ஓடி வந்து "மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாள். முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை, பிள்ளையை உள்ளே கூட்டிப்போய், தன் மகளுடைய பாவாடை ஒன்றையும் கொடுத்து அனுப்பினார். அடுத்த வாரம் அவரே மைதானத்துக்கு வந்து அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு, "சாவிய எங்கிட்ட குடுக்கச் சொல்லு டீச்சர், நான் வீட்டுலதான இருக்கேன்" என்றார். அந்த ஒரு சாவிக்காக வார்டு கவுன்சிலர் வரை ஏழு மாதம் அலைந்தோம். இப்போது சாவி அவர் வீட்டு வாசல் ஆணியில் தொங்குகிறது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்வியின் 'ஊர் மக்கள்' பகுதிக்குப் பதில். கழிப்பறை திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் அந்தத் தெருப் பெண்கள் காலையில் நடக்க வர ஆரம்பித்தார்கள். சர்க்கரை உள்ளவர்கள், முட்டி வலிக்காரர்கள், அதுவரை மைதானத்துக்குள் காலே வைக்காதவர்கள். வாக்கரோடு நடக்கும் ஒரு தாத்தா வருகிறார். வாசலில் இருந்த இரண்டு படியை இடித்துச் சரிவாக்கியது அவருக்காகத்தான், இன்று எங்கள் பந்து மூட்டையும் அந்தச் சரிவில்தான் ஏறுகிறது. நடக்க வரும் பெண்கள் நாலு பேர் சுற்றி இருக்கும்போது, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பிள்ளைகளின் ஷார்ட்ஸைப் பார்த்துப் பேசும் கூட்டம் தானாகக் கரைந்தது. காவலாளி போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

ஆண்களை விரட்டச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தது என் அண்ணன்தான். ஆனால் 'எல்லோருக்கும் பொது' என்று எழுதிப்போட்டால் மாலை நாலரை முதல் ஆறரை வரை மைதானம் யாருக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது இருட்டிய பிறகு, இல்லையென்றால் உச்சி வெயில். பலகையில் பெயின்ட் அடித்து நேரத்தை எழுதுங்கள். முழு மைதானம் 105க்கு 68 மீட்டர். நடுக்கோட்டில் குறுக்கே பிரித்து இரண்டு பக்கமும் சின்ன கோல் போஸ்ட் வைத்தால் இரண்டு அணி ஒரே நேரத்தில் பயிற்சி செய்யலாம், காத்திருக்கச் சொல்ல யாருக்கும் காரணம் இருக்காது.

மைதானத்தைத் தராமல் ஒரு விளையாட்டையே முடக்கிவிட முடியும் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் கூடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் லேடீஸ் என்ற பெண்கள் அணி ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பரிலேயே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், பெண்களுக்கு மைதானம் கொடுக்காதீர்கள் என்று தன் கிளப்புகளுக்குச் சொல்லிவிட்டது. பெண்கள் பந்தைத் தொடக் கூடாது என்று சட்டம் போடவில்லை, கதவை மட்டும் சாத்தினார்கள். அது திறக்க ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆனது. முதல்முறை இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பூட்டுதான் நினைவுக்கு வந்தது.

செயற்கைப் புல் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம் என்பேன். நம் வெயிலில் அது காலைச் சுடும். அதைவிட, போட்ட செலவை எடுக்க மணிக்கணக்கில் வாடகை வைப்பார்கள், வேலி போடுவார்கள். வாடகை கட்டி ஆடும் பையன்கள் வருவார்கள், என் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். நடுப்பகுதி சற்று உயர்ந்து, மழைநீர் ஓரத்துக்கு வடியும்படி சமன் செய்த செம்மண்ணோ புல்லோ போதும். சமன் செய்வதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். எங்கள் மைதான நடுவே கிரிக்கெட்டுக்காக ஒரு சிமென்ட் பிட்ச் இருந்தது. அதன் விளிம்புப் பள்ளத்தில் கால் சிக்கித்தான் என் தோழியின் ஏசிஎல், அதாவது முட்டிக்குள் இருக்கும் தசைநார், கிழிந்தது. அந்தக் காயம் ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவள் அதற்குப் பிறகு ஆடவில்லை.

விளக்கு போடும்போது மைதானத்தோடு நிறுத்தாமல் வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை போடுங்கள். பிள்ளைகளை அப்பாக்கள் நிறுத்துவது அந்த இருநூறு அடி இருட்டுக்காகத்தான். அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள், பை மாட்ட ஆணி, மூடி போட்ட குப்பைக்கூடை, அதை தினமும் எடுத்துக் கொட்டுபவருக்குச் சம்பளம். இந்தச் சம்பளத்தை யாரும் திட்டத்தில் எழுத மாட்டார்கள். நீங்கள் எழுதுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. கிளப் 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. கடலூர்ப் பெண் இந்துமதி இந்திய அணிக்கு ஆடியவர். இவ்வளவுக்கும் பிறகு பத்தாம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டால் "உங்களுக்கென்ன டீச்சர், வெளியில நிக்கிற வேலைதானே" என்கிறார்கள். பதினான்கு வயதில் நல்ல இடது கால் உள்ள ஒரு பிள்ளையை இப்படித்தான் போன வருடம் இழந்தேன். மைதானம் கட்டுகிறவர்கள் பள்ளி நேர அட்டவணையையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உங்கள் இன்ஜினியர் அடுத்த முறை இடத்தைப் பார்க்க வரும்போது மாலை ஆறரைக்கு வரச் சொல்லுங்கள். கூடவே ஆடுகிற பிள்ளைகள் இரண்டு பேரையும், எதிர்த் தெரு அம்மா ஒருவரையும் நிற்க வையுங்கள். முதலில் அவர்கள் பேசட்டும்.