டெக்சாஸில் பிரசவம், டாக்டர் மேல் வழக்கு, கோடிக்கணக்கில் நஷ்டஈடு

தம்பி, பழைய கார் எங்கே வாங்குவது, இர்விங்கா ஃபிரிஸ்கோவா, இட்லி அரிசி எந்தக் கடையில் என்பதற்கெல்லாம் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். உங்கள் கேள்வியின் கடைசி இரண்டு வரிதான் என்னை நிறுத்தியது. மனைவிக்கு ஏழாம் மாதம். இங்கே டாக்டர்கள் வழக்குக்குப் பயந்துதான் இத்தனை ஸ்கேன் எடுக்கிறார்களா, பிரசவத்தில் ஏதாவது தப்பு நடந்தால் கோடிக்கணக்கில் கிடைக்குமாமே என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கதையைக் கேட்டுக்கொண்டுதான் நாங்களும் வந்திறங்கினோம். அன்றைக்கே அது பாதிதான் உண்மை. டெக்சாஸில் இன்று அந்தப் பாதியும் இல்லை.

2003-ல் இங்கே ஹவுஸ் பில் 4 என்று ஒரு சட்டம் வந்தது. அதற்கு முன் மருத்துவ வழக்கில் நஷ்டஈட்டுக்கு 1977-ல் கொண்டுவந்த உச்சவரம்பை மாநில உச்ச நீதிமன்றம் 1988-ல் செல்லாது என்று தள்ளியிருந்தது. மறுபடி அப்படி ஆகக்கூடாதென்று 2003 செப்டம்பரில் ப்ரொபோசிஷன் 12 என்று மக்களிடம் வாக்கெடுத்து, மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள். 51 சதவீதத்தில் தப்பிப் பிழைத்த திருத்தம் அது. டாக்டர்கள் ஊரைவிட்டு ஓடுகிறார்கள், பிரசவம் பார்க்க ஆளிருக்காது என்ற விளம்பரம் ஒரு பக்கம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் செய்கிறார்கள் என்ற விளம்பரம் இன்னொரு பக்கம். குடியுரிமை இல்லாத நம்மவர்கள் அன்று அதை வேடிக்கைதான் பார்க்க முடிந்தது.

சட்டம் சொல்வது இதுதான். வலி, மன வேதனை, உடல் ஊனம் போன்ற பணத்தில் அளக்க முடியாத இழப்புக்கு, எத்தனை டாக்டர்கள் தப்பு செய்திருந்தாலும் சேர்த்து 250,000 டாலர். ஒரு மருத்துவமனையிடம் இன்னொரு 250,000, இரண்டாவது மருத்துவமனையும் காரணமென்றால் மேலும் ஒரு 250,000. அதற்கு மேல் ஜூரி எவ்வளவு கொடுத்தாலும் நீதிபதி வெட்டிவிடுவார். விலைவாசிக்கேற்ப ஏறாத தொகை இது. 2003-ன் 250,000 டாலருக்கு ஈடாக இன்று நான்கு லட்சத்துக்கு மேல் வேண்டும்.

மருத்துவச் செலவுக்கும் போன சம்பளத்துக்கும் வரம்பு இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கணவரின் வேலை விசாவைச் சார்ந்து கிடைக்கும் எச்-4 விசாவில், வேலை அனுமதி இல்லாமல் இருக்கும் மனைவிக்குப் போன சம்பளம் ஏது? விருந்தாளியாக வந்திருக்கும் மாமியாருக்கு ஏது? வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட்டுக் கேட்கலாம், அதற்குத் தனியாக ஒரு பொருளாதார நிபுணரை வைக்க வேண்டும். ஆக, வருமானம் இல்லாதவர், முதியவர், குழந்தை இவர்களை வைத்து வரும் வழக்கில்தான் வரம்பு முழுசாக இடிக்கிறது. வக்கீல்களுக்கு இது தெரியும். ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து 40 சதவீதம் வரை என்ற கணக்கில் வேலை செய்பவர்கள் அவர்கள். நிபுணர்களுக்குக் கைக்காசு பல்லாயிரம் டாலர் போட வேண்டும். தப்பு நடந்தது உண்மையாகவே இருந்தாலும் நான்கு வக்கீல்கள் வேண்டாமென்று சொல்வார்கள். உங்கள் மேல் சந்தேகம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், கணக்கு உதைக்கிறது, அவ்வளவுதான்.

மருத்துவச் செலவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பில்லில் 80,000 என்று அடித்து, இன்சூரன்ஸோடு பேசி 22,000-க்கு முடித்திருந்தால், கோர்ட்டில் செல்லுவது அந்த 22,000 மட்டும். அதிலும் தன் பங்கைத் திருப்பிக் கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனி வந்து நிற்கும்.

பிரசவம் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். அவசர சிகிச்சையில் நடந்த தப்புக்குச் சாதாரண அலட்சியம் போதாது. ஆபத்து தெரிந்தும் துணிந்து அசட்டை செய்தார் என்று காட்ட வேண்டும். இந்தப் பாதுகாப்பு அவசரப் பிரிவுக்கு மட்டும் அல்ல, பிரசவ வார்டுக்கும் உண்டு. குழந்தையின் தோள் சிக்கிய ஒரு டென்டன் வழக்கில், முன்பே அவசரப் பிரிவுக்குப் போகாமல் நேராகப் பிரசவ வார்டில் சேர்ந்திருந்தாலும் இது பொருந்தும் என்று 2018-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது தேதி. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம். "குழந்தைக்குத்தான் 14 வயது வரை நேரம் இருக்கிறதே" என்று வாட்ஸ்அப் வழக்கறிஞர்கள் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரி இருப்பது மெய். ஆனால் குழந்தையின் 18 வயது வரையான மருத்துவச் செலவைக் கேட்கும் உரிமை பெற்றோருடையது, அதற்கு அதே இரண்டு வருடம்தான். மூளை பாதித்த குழந்தையின் வழக்கில் அது பெரிய தொகை. நடக்கவில்லை, பேசவில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்கும்போதே அது காலாவதியாகிவிடும்.

வழக்குப் போட 60 நாள் முன்னால் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போக வேண்டும், கூடவே மருத்துவப் பதிவுகளைப் பார்க்க அனுமதிக்கும் படிவமும். இரண்டும் சேர்ந்து போனால் அந்த இரண்டு வருடத்தோடு 75 நாள் கூடுதல் அவகாசம். படிவம் இல்லாமல் நோட்டீஸ் மட்டும் போனால் அந்த அவகாசம் கிடையாது. எதிர்த்தரப்பு பதில் மனு போட்டதிலிருந்து 120 நாளுக்குள், ஒவ்வொரு பிரதிவாதிக்கும் நிபுணர் அறிக்கை கொடுத்தாக வேண்டும்: என்ன செய்திருக்க வேண்டும், எங்கே தவறினார், அதனால் பாதிப்பு எப்படி வந்தது. நர்ஸின் தவறை இன்னொரு நர்ஸ் சொல்லலாம். பாதிப்புக்கு அதுதான் காரணம் என்று டாக்டர்தான் எழுத வேண்டும். குறை இருந்தால் திருத்த ஒரே ஒருமுறை 30 நாள் கிடைக்கலாம். அறிக்கையே கொடுக்காவிட்டால் வழக்கு அத்தோடு தள்ளுபடி, எதிர்த்தரப்பு வக்கீல் செலவும் உங்கள் தலையில்.

அரசு சார்ந்த இடம் என்றால் கதையே வேறு. கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நடத்தும் மருத்துவமனை, மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர் எல்லாம் அரசு ஊழியர் கணக்கு. ஆறு மாதத்துக்குள் அறிவிப்பு. கவுன்டி மருத்துவமனையில் ஆளுக்கு 100,000 டாலர்தான் மொத்த வரம்பு. அதுவும் ஏதாவது ஒரு கருவியோ பொருளோ பயன்படுத்தியதால் வந்த பாதிப்பாக இருக்க வேண்டும். நோயைத் தவறாகக் கணித்தார் என்பதற்கு ஒன்றும் கிடைக்காது. டாக்டர் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டில் எந்தப் பெயர் தைத்திருக்கிறது என்பதை விட, சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கலிபோர்னியா மேலா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே 1975-ல் வைத்த 250,000 வரம்பு 47 வருடம் அசையவில்லை. 2023 முதல் உயிரோடிருப்பவருக்கு 350,000, மரணத்துக்கு 500,000 என்று தொடங்கி, பத்து வருடத்தில் 750,000-க்கும் பத்து லட்சத்துக்கும் போகும். இதற்காக வீடு மாற்றாதீர்கள்.

ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். வழக்குப் பயம்தான் காரணம் என்றால், 2003-க்குப் பிறகு இங்கே டெஸ்ட் குறைந்திருக்க வேண்டும். 2006-ல் மெக்காலனில் மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு காப்பீடு தலைக்குச் செலவழித்தது சுமார் 15,000 டாலர், எல் பாசோவில் ஏறக்குறைய அதில் பாதி. ஒரே மாநிலம், ஒரே சட்டம், இரண்டும் எல்லையோர ஊர். டெஸ்டுக்கு இவ்வளவு என்று காசு வருவதையும் கணக்கில் சேருங்கள். நாடு முழுக்க இப்படிச் சட்டம் போட்டால் மருத்துவச் செலவு அரை சதவீதம் குறையும் என்றுதான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே 2009-ல் மதிப்பிட்டது. பொங்கல் விழாவில் நம் டாக்டர்கள் எல்லாவற்றுக்கும் வக்கீல்தான் காரணம் என்பார்கள், சாஃப்ட்வேர்க்காரர்கள் டாக்டருக்குப் பேராசை என்பார்கள். தப்பே செய்யாத டாக்டரும் வருடக்கணக்கில் டெபசிஷனுக்கு, அதாவது விசாரணைக்கு முன் வக்கீல்களிடம் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுக்க, அலைவது நிஜம். பெரும்பாலான வழக்குகள் ஒரு டாலர் கைமாறாமல் முடிவதும் நிஜம். அந்தப் பக்கத்து வேதனையை நான் மறுக்கவில்லை. அதற்கான விலையை எச்-4 பெண் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். டாக்டரின் உரிமத்தையும் ஒழுங்கு நடவடிக்கைகளையும் டெக்சாஸ் மெடிக்கல் போர்டு தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மனைவிக்கு ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், மருத்துவமனை காசில்லாமல் தர வேண்டும். வலியில் இருப்பவருக்கு நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். கையெழுத்துப் போடும் படிவத்தில் அச்சிட்ட ஆபத்துகளையெல்லாம் உங்களுக்குச் சொல்லிவிட்டதாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும், அதனால் படித்துவிட்டுப் போடுங்கள். ஷிஃப்ட் மாறும்போது யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது சரியில்லை என்று பட்டால் வார்டிலேயே சண்டை வேண்டாம். டாக்டர் வருத்தம் தெரிவித்தாலும் அந்த அனுதாப வார்த்தை இங்கே சாட்சியம் ஆகாது. நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், சில நாளில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தொப்புள்கொடி ரத்த வாயுப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள். பிறகு முழுப் பதிவையும், குழந்தையின் இதயத்துடிப்பு வரைபடத்தோடு, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம் போதாது. டாக்டர் அலுவலகம் 15 வேலை நாளில் தர வேண்டும். முதல் வக்கீலிடம் போகும்போதே அந்தக் கட்டு கையில் இருக்கட்டும், மூன்றாவது வக்கீலிடம் போகவும் அதுதான் வேண்டும்.