கொழுந்து வெளுத்த கடலை: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: இறவையில் நிலக்கடலை விதைத்து 25 நாள் ஆகிறது. அடி இலைகள் பச்சையாகவே இருக்கின்றன, கொழுந்து மட்டும் வெளுத்து வருகிறது. மேலுரமாக யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை. (வாசகர், பல்லடம்)

பதில்: இது இரும்புச்சத்துக் குறை. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) போதாவிட்டால் செடி பழைய இலையில் உள்ளதை எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். வெளுப்பு அடியில் தொடங்கும். இரும்பு அப்படி இடம் மாறாது. கொழுந்திலையைப் பிடித்துப் பாருங்கள்: நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நரம்பும் சேர்ந்து வெளுத்திருந்தால் கந்தகக் குறையாக இருக்கலாம்.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது வேர் எடுக்க முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. ஒரு பிடி மண்ணில் வினிகர் ஊற்றினால் நுரைக்கிறதா என்று பாருங்கள்; நுரைத்தால் அது சுண்ணாம்பு மண். தண்ணீர் தேங்கினால் பாதிப்பு இன்னும் கூடும். எனவே முதலில் பாசனத்தை நிறுத்தி, மண் பொலபொலவென்று ஆனதும் களை கொத்திவிடுங்கள்.

அடுத்து தெளிப்பு. 10 லிட்டர் தண்ணீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, பிறகு 100 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரையுங்கள். வரிசையை மாற்றினால், கிணற்று நீர் உப்பாக இருக்கும்போது இரும்பு துருவாகப் படிந்து வீணாகிவிடும். அன்னபேதி இளம்பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பேறியதை வாங்காதீர்கள். டி.ஏ.பி. கரைசலையோ பூச்சி மருந்தையோ இதில் கலக்கக் கூடாது. வெயில் தாழ்ந்த பிறகு கொழுந்து நனையத் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தேவைப்படும், ஏனென்றால் புதிதாக வரும் இலைக்குப் பழைய தெளிப்பு உதவாது. சுண்ணாம்பு மண்ணில் அன்னபேதியை வெறுமனே தூவினால் அதுவும் பூட்டிக்கொள்ளும், காசுக்குக் கேடு.

வேர் முடிச்சு வேலை செய்யவும் இரும்பு வேண்டும். ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நசுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கிறது என்று அர்த்தம். மேலும் யூரியா போட்டால் அந்த வேலைதான் குறையும்.

கேள்வி: நிலக்கடலைக்குச் சொந்த விதைதான், பருப்பு திரட்சியாக இருந்தது. ஆனாலும் பல நாற்றுகள் குருத்துக் கருகி நின்றுவிட்டன. (வாசகர், விருத்தாசலம்)

பதில்: மிச்சமுள்ள விதைகளை இரண்டாகப் பிளந்து பாருங்கள். முளைக்குருத்து கறுத்திருந்தால், போன போகத்தில் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து கிடைக்கவில்லை. பருப்பின் உட்பக்கம் குழிந்து பழுப்பாக இருந்தால் போரான் குறை. இந்தப் போகத்தில் செடி இல்லாத இடங்களில் வேறு விதை ஊன்றிப் பாடு நிரப்புவதுதான் வழி.

வேர் எடுக்கும் சுண்ணாம்புச்சத்து நீரோட்டத்தோடு இலைக்கே போகிறது, மண்ணுக்குள் இருக்கும் காய்க்குத் திரும்பி வராது. காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்துதான் நேராக உறிஞ்ச வேண்டும். அதனால் விதைக்கென ஒதுக்கும் வயலில் 40-45ஆம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, சுண்ணாம்புச்சத்து தரும் ஜிப்சத்தை ஏக்கருக்கு 160 கிலோ, செடியை ஒட்டி விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) இறங்கும் இடத்தில் இட்டு மண் அணையுங்கள். போரான் குறையும் தெரிந்தால் அதோடு 4 கிலோ போராக்ஸைச் சீராகக் கலந்துகொள்ளுங்கள். போராக்ஸ் அளவு கூடினால் இலை ஓரம் கருகும்.