தாருக்குக் கீழே என்ன மண்?

மண் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் அம்மையார், சாலைகள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: அம்மா, எங்கள் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். முழுக்கக் கரிசல். ஊருக்குள் வரும் தார்ச்சாலை போட்டு மூன்று மழைக்காலம்கூட ஆகவில்லை. இரண்டு ஓரங்களிலும் நீளவாக்கில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. இதே கனத்தில், இதே ஜல்லியில், செம்மண் பூமியான பக்கத்து ஊருக்குப் போட்ட சாலை நன்றாக இருக்கிறது. கேட்டால் "மண் சரியில்லை" என்கிறார்கள். இது உண்மையா, தட்டிக்கழிக்கும் பேச்சா?
— ஒரு விவசாயி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: ஐயா, மண்தான் காரணம் என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அதைச் சாலை வெடித்த பிறகு சொல்வதில் என்ன பயன்? ஜல்லி இறக்குவதற்கு முன்பே, சில நூறு ரூபாய்க் கண்ணாடிக் குழாய்களை வைத்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய செய்தி அது. இரண்டு ஊருக்கும் ஒரே கனம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. கரிசலும் செம்மண்ணும் ஒரே கனத்தைக் கேட்கவே கேட்காது.

கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் இருக்கிறது. அது தகடு தகடாக அடுக்கப்பட்டது; தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், தண்ணீர் போனால் சுருங்கும். உங்கள் வயலில் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்து, ஐப்பசி மழையில் மூடிக்கொள்வது இதனால்தான். சாலையின் நடுப்பகுதியைத் தார் மூடியிருப்பதால் அங்கே ஈரம் அதிகம் ஏறி இறங்காது. ஓரம் அப்படியில்லை. மழைக்கு உப்புகிறது, வெயிலுக்குச் சுருங்குகிறது. ஓரத்தில் மரம் நின்றால் அது வேறு ஈரத்தை உறிஞ்சுகிறது. நடு அசையாமல் நிற்க, ஓரம் மட்டும் மேலும் கீழும் போய்வந்தால், வெடிப்பு ஓரத்தில் நீளவாக்கில்தான் வரும். நீங்கள் சொல்லும் அடையாளம் அப்படியே பொருந்துகிறது.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை மிக எளியது. மண்ணை அடுப்பில் உலர்த்திச் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுக்க வேண்டும். 100 மில்லி அளவுக் குழாய்கள் இரண்டில் ஒன்றில் வாலைவடிநீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய். மண்ணைப் போட்டுக் கலக்கிக் காற்றுக்குமிழி போக்கி, 24 மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. அங்கே மண் 12 மில்லியில் படிந்து, தண்ணீரில் 22 மில்லிக்கு உயர்ந்திருந்தால், உப்பும் அளவு 83 சதவீதம். இந்த எண் 50-ஐத் தாண்டும் மண்ணைச் சாலைக்கான கரையில் நிரப்பக் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பே சொல்கிறது. எங்கள் கூடத்தில் கரிசல் வந்தால் நான் முதலில் தேடுவது மண்ணெண்ணெய்ப் புட்டியைத்தான். பெரிய இயந்திரங்களின் பக்கம் போவதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த மண்ணை வெட்டி எடுத்துவிட்டு நல்ல கிராவல் நிரப்பலாம்; சுண்ணாம்பு கலந்து திருத்தலாம்; சாலையோர மண்தோளையும் வாய்க்காலையும் ஒழுங்காக அமைத்து ஓரத்துக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கலாம். வெடிப்பின் மேல் மறுபடி தாரை ஊற்றுவது மட்டும் வேண்டாம். அடுத்த கோடையில் அதே இடத்தில் வெடிக்கும்.

கேள்வி: அம்மா, நான் கட்டடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. ஆய்வுக்கூடத்தில் சி.பி.ஆர். (கலிபோர்னியா தாங்குதிறன் விகிதம்) சோதனை செய்கிறோம். பாடத்தில் மீள்திறன் குணகம் என்று வேறொன்றும் வருகிறது. சி.பி.ஆர். எண்ணைப் பத்தால் பெருக்கினால் அது வந்துவிடும் என்கிறார்கள். அப்படியானால் இரண்டு சோதனை எதற்கு?
— ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: நல்ல கேள்வி கேட்டாய் அம்மா. இதைக் கேட்காமலே பட்டம் வாங்கிப் போனவர்கள் நிறையப் பேர்.

முதலில் சி.பி.ஆர். 1928-29 வாக்கில் அமெரிக்காவின் கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் ஓ. ஜே. போர்ட்டர் உருவாக்கியது. 150 மி.மீ. விட்டமுள்ள இரும்பு அச்சில் மண்ணை இடித்து நிரப்பி, 50 மி.மீ. விட்டமுள்ள உலக்கையை நிமிடத்துக்கு 1.25 மி.மீ. வேகத்தில் அழுத்துகிறோம். உலக்கை 2.5 மி.மீ. இறங்க எவ்வளவு பளு தேவைப்பட்டது என்று பார்க்கிறோம். தரமான உடைகல்லுக்கு அந்தப் பளு 1370 கிலோ. உன் மண்ணுக்கு 55 கிலோவே போதுமானதாக இருந்தால், சி.பி.ஆர். 4 சதவீதம். இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுதளங்களை அவசரமாகப் போட வேண்டியிருந்தபோது அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். அதன் வழியாக உலகம் முழுவதும் பரவியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உலக்கை மண்ணுக்குள் ஒரே ஒருமுறை, மெதுவாக, மண் உடைந்து விலகும்வரை இறங்குகிறது. சாலையில் லாரி செய்வது அதுவா? அது நொடிக்கும் குறைவான நேரத்தில் மிதித்துவிட்டுப் போய்விடுகிறது. மண் அமுங்கி, உடனே எழும்புகிறது. அடுத்த சக்கரம் வருகிறது. மறுபடி அமுங்கி எழும்புகிறது. இப்படி லட்சக்கணக்கான முறை. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள். உட்கார்ந்தால் தாழ்கிறது, எழுந்தால் பழைய நிலைக்கு வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு தொய்வு மிஞ்சுகிறது. எழும்பி வரும் பகுதி பெரிதாக இருந்தால் மேலே உள்ள தார் வளைந்து வளைந்து சோர்ந்து வெடிக்கும். மிஞ்சும் தொய்வு சேர்ந்தால் சக்கரத்தடப் பள்ளம் விழும். கலிபோர்னியாவின் பிரான்சிஸ் ஹ்வீம் 1950-களில் சாலைகளின் மேல் இந்த வளைவை அளந்து, வலு இருக்கும் சாலையும் அளவுக்கு மீறி வளைந்தால் வெடிக்கும் என்று காட்டினார். பிறகு பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சீட் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் அதை ஆய்வுக்கூடத்தில் அளக்கும் வழிக்குக் கொண்டுவந்தார்கள். 1986-இல் அமெரிக்க மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் சங்கம் தன் வடிவமைப்பு வழிகாட்டியில் அடிமண்ணின் அளவுகோலாக இதையே ஏற்றது.

இப்படி அமுங்கி எழும்பும் விறைப்பைச் சொல்லும் எண்தான் மீள்திறன் குணகம். அதற்கான சோதனை இப்படி நடக்கும். 100 மி.மீ. விட்டம், 200 மி.மீ. உயரத்தில் மண் உருளை செய்து, ரப்பர் உறை மாட்டி, மூவச்சு அழுத்தக் கலத்தில் வைப்பார்கள். பக்கவாட்டில் காற்றழுத்தம். மேலிருந்து 0.1 நொடிக்கு ஒரு தட்டு, 0.9 நொடி ஓய்வு, மறுபடி தட்டு. மண் படிந்து நிலைகொள்ள முதலில் 500 தட்டாவது வேண்டும். அதன்பின் அழுத்தங்களை மாற்றி மாற்றி 15 வரிசை. வரிசைக்கு 100 தட்டு. ஒவ்வொரு வரிசையிலும் கடைசி ஐந்து தட்டுகளில் மண் எவ்வளவு திரும்பி எழும்பியது என்பதுதான் கணக்கு. 200 மி.மீ. உருளை 0.2 மி.மீ., அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு, அமுங்கி எழுந்தது, கொடுத்த தகைவு (பரப்பின் மேல் விழும் அழுத்தம்) 40 கிலோபாஸ்கல் என்றால், தகைவை அந்தப் பங்கால் வகுக்க, மீள்திறன் குணகம் 40 மெகாபாஸ்கல்.

நீ சொன்ன பெருக்கல் கணக்கும் இதையே தருகிறது: சி.பி.ஆர். 4, பத்தால் பெருக்கினால் 40. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? 1962-இல் நெதர்லாந்தின் ஹியூக்லோம், கிளாம்ப் இருவரும் களத்தில் அதிர்வலைகளை வைத்து அளந்து சொன்னது. அவர்கள் தந்த விரிவைப் பார்: மண்ணுக்கு மண் 5 மடங்கு முதல் 20 மடங்குவரை மாறுகிறது. அதன் நடுவில் ஒரு கோடு கிழித்ததுதான் பத்து. நம் இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 37 வழிகாட்டி, சி.பி.ஆர். 5 வரை இந்தப் பத்தையும், அதற்கு மேல் 17.6-ஐ சி.பி.ஆர். எண்ணின் 0.64 அடுக்கால் பெருக்கும் சூத்திரத்தையும் தருகிறது. சி.பி.ஆர். 10 உள்ள மண்ணுக்கு 100 வராது, சுமார் 77-தான் வரும்.

இன்னொன்றையும் அந்தப் பெருக்கல் மறைத்துவிடுகிறது. மீள்திறன் குணகம் மண்ணுக்கே உரிய ஒற்றை எண் அன்று. களிமண்ணில் மேலிருந்து தட்டும் விசை கூடக் கூட விறைப்பு குறையும். மணற்பாங்கான மண்ணில் பக்கத்திலிருந்து இறுக்கும் அழுத்தம் கூடினால் விறைப்பு ஏறும். மேலே கனமான சாலை இருக்கும்போது ஒரு மதிப்பு, மெல்லிய சாலை இருக்கும்போது வேறொரு மதிப்பு. நான்குவழிச் சாலைக்கும் துறைமுகச் சாலைக்கும் பெருக்கல் கணக்கோடு நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. அங்கே அடிமண்ணில் ஏற்படும் சிறு தவறு, கிலோமீட்டர் கணக்கில் தாராகவும் ஜல்லியாகவும் பெருகும். கிராமச் சாலைக்கு நல்லபடியாகச் செய்த சி.பி.ஆர். போதும். "நல்லபடியாக" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்.

கேள்வி: நான் சிறிய ஒப்பந்ததாரர். மாதிரி மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்துத்தான் சோதிப்பேன் என்று ஆய்வுக்கூடத்தில் பிடிவாதம் பிடிக்கிறார்கள். எங்கள் பக்கம் மழையே குறைவு. ஊறாமல் சோதித்தால் நல்ல எண் வருகிறதே, அதையே எடுத்தால் என்ன, அம்மா?
— ஒரு வாசகர், தருமபுரி

பதில்: தம்பி, அந்தப் பிடிவாதத்தில் நானும் சேர்ந்தவள்தான். ஊறாத சான்று கேட்டு என்னிடமும் வந்திருக்கிறார்கள். ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை.

தொட்டியிலிருந்து அச்சை எடுக்கும்போது பார்த்திருக்கிறீர்களா? இடிக்கும்போது கல்போல் இருந்த களிமண்ணின் மேற்பரப்பு வழவழவென்று விரலோடு வரும். அளவுமானி முள் மேலே ஏறியிருக்கும். மண் எவ்வளவு உப்பியது என்பது அதில் தெரியும். மேலே வரப்போகும் சாலையின் எடைக்கு ஈடாக இரும்பு வட்டுகளை வைத்திருந்தும் உப்புகிறது. அந்த மண்ணில் உலக்கை இறங்குவதைப் பார்த்தவர் ஊறாத எண்ணை நம்ப மாட்டார். சாலை ஆண்டு முழுவதும் தாங்க வேண்டும் என்பதால், அது பலவீனமாக இருக்கும் சில வாரங்களை வைத்துத்தான் கனம் தீர்மானிக்க வேண்டும். தருமபுரியிலும் அடைமழை வாரம் உண்டு. ஏரி நிரம்பினால் ஈரம் கீழிருந்து ஏறுவதும் உண்டு.

உங்கள் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு மழை 1000 மி.மீ.க்குக் குறைந்த இடங்களில், கனமான தார் அடுக்கால் நன்றாகப் பாதுகாக்கப்பட்ட அடிமண்ணுக்கு நான்கு நாள் ஊறல் மிகக் கடுமையாக இருக்கலாம் என்று ஐ.ஆர்.சி. 37-இன் 2012 பதிப்பு ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்கு, அந்தப் பகுதியில் ஓடிக்கொண்டிருக்கும் சாலையின் அடிமண் ஈரத்தைப் பல பருவங்களில் அளந்த கணக்கு கையில் இருக்க வேண்டும். அது உங்களிடம் இருக்கிறதா? 20 மி.மீ. தார் போடும் கிராமச் சாலைக்கு இந்தச் சலுகையைக் கேட்காதீர்கள்.

கேள்வி: சாலையைத் தோண்டாமல், ஆய்வுக்கூடத்துக்கும் போகாமல் அடிமண்ணை அளக்கக் கருவி உண்டாமே?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உண்டு. 8 கிலோ சம்மட்டியை 575 மி.மீ. உயரத்திலிருந்து விட்டு, 60 பாகைக் கூம்பை மண்ணுக்குள் இறக்கும் கருவியை இருவர் தூக்கிக்கொண்டு போகலாம். ஓர் அடிக்கு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்பதிலிருந்து சி.பி.ஆர். மதிப்பிடலாம். போட்டுமுடித்த சாலையில் எடையை விழவைத்து, சாலை வளையும் விதத்தை உணரிகளால் அளக்கும் வண்டியும் இருக்கிறது. ஆனால் இவை அளந்த அன்றைய ஈரத்தில் மண் எப்படி இருக்கிறது என்பதையே சொல்லும். பங்குனி வெயிலில் அளந்தால் பங்குனி எண்தான் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் ஊராட்சிச் சாலைக்கான மண் ஆய்வு அறிக்கையின் நகலை வாங்கிவிட்டேன். நான் பொறியியல் படித்தவன் அல்லன். அதில் எதைப் பார்க்க வேண்டும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

பதில்: ஐயா, நகல் வாங்கியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். முதலில் மண் எடுத்த இடம்: எத்தனையாவது கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று இருக்க வேண்டும். மேலாக, புல்வேர் தெரியும் ஆழத்தில் எடுத்த மண் உதவாது. வழியில் கரிசல் முடிந்து செம்மண் தொடங்கினால் இரண்டுக்கும் தனித்தனி அறிக்கை வேண்டும். சாலைக்கு வேறிடத்திலிருந்து மண் கொண்டுவந்து நிரப்பினால், அந்த மண்ணையும் சோதித்திருக்க வேண்டும்.

பிறகு எண்கள். கிராமச் சாலைக்கான ஐ.ஆர்.சி. வழிகாட்டியில் சி.பி.ஆர். 2 மிக மோசம், 3-4 மோசம், 5-6 சுமார், 7-9 நன்று, 10-15 மிக நன்று என்று வகுத்திருக்கிறார்கள். மூன்று அச்சுகளின் அளவீடுகள் தனித்தனியாக இருக்கின்றனவா, அவை ஒன்றுக்கொன்று சற்றேனும் வேறுபடுகின்றனவா என்று பாருங்கள். மண்ணில் மூன்று அளவீடும் புள்ளி பிசகாமல் ஒன்றாக வந்தால் கேள்வி கேளுங்கள். உப்பிய அளவு எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் ஊர் கரிசலாக இருந்து அந்த இடம் காலியாக இருந்தால், சோதனை முழுமையாக நடக்கவில்லை.

கடைசியாக இரண்டு தேதிகளைத் தேடுங்கள்: அச்சு தண்ணீருக்குள் போன தேதி, உலக்கை இறக்கிய தேதி. நடுவில் நான்கு நாள் இல்லையென்றால், அந்த அறிக்கையை அப்படியே மடித்து வட்டாரப் பொறியாளரிடம் கொண்டுபோய், ஜல்லி இறங்குவதற்கு முன் மறுசோதனை கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள்.