செல் எப்போது இரண்டாகும்? கேள்வி பதில்

செல்வி: தன் அளவு செல்லுக்கு எப்படித் தெரிகிறது மேடம்?

ஈ.கோலை பாக்டீரியாவுக்குத் தெரியவே வேண்டாம். பிறக்கும்போது எவ்வளவு நீளம் இருந்தாலும், அதற்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவு வளர்ந்ததும் பிரிந்துவிடும். கணக்குக்கு அந்த அளவை 2 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொள்வோம். 3 மைக்ரானில் பிறந்தது 5 ஆகி, இரண்டரை இரண்டரையாகப் பிரியும். அடுத்த தலைமுறை நாலரை வரை வளர்ந்து 2.25 ஆகும். குட்டையாக 1.6இல் பிறந்ததும் 1.8, 1.9 என்று ஏறி 2க்கே வந்து சேரும். ஒவ்வொரு தலைமுறையிலும் பிசகு பாதியாகிறது. 2014, 2015இல் வந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

ஆனால் பாக்டீரியாவின் விதியை அப்படியே மனித செல்லுக்கு ஏற்றாதீர்கள்.

கதிர்: ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும் என்றுதானே படித்தோம்?

அது நல்ல சத்துள்ள கரைசலில் கிடைக்கும் வேகம். நேரத்தை மட்டும் பார்த்துப் பிரிந்தால் பெரிதாகப் பிறந்ததன் வாரிசுகள் பெரிதாகவே இருக்கும், பிசகு குறையாது.

முருகேசன்: ஒப்புக்கொள்ள மாட்டேன். நடுவில் பிளந்து இரண்டாகும் பிளவு ஈஸ்ட் சுமார் 14 மைக்ரான் வந்தால்தான் பிரிகிறது. அது அளவைப் பார்ப்பதுதானே?

சரி, அங்கே நீங்கள் சொல்வதுதான் உண்மை. 1970களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பால் நர்ஸ் என்ற விஞ்ஞானி, ஏறக்குறைய பாதி நீளத்திலேயே பிரியும் ஈஸ்ட்களைக் கண்டார். பிரிதலைத் தள்ளிப்போடும் வீ1 மரபணு அவற்றில் பழுதாகியிருந்தது. பூஞ்சை படர்ந்த ஒரு ஈஸ்ட் வளர்ப்புத் தட்டைக் குப்பையில் போட்டவர், மனம் கேட்காமல் திரும்பப் போய் எடுத்துவந்தார். அதிலிருந்த செல்கள்தான் பிரிதலைத் தொடங்கிவைக்கும் சிடிசி2 மரபணுவின் முக்கியத்தைக் காட்டிக்கொடுத்தன. 2001இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

முருகேசன்: அப்போ எல்லா ஈஸ்ட்டுக்கும் இதே விதியா?

இல்லை. மொட்டு விடும் ஈஸ்டில், செல் பெரிதாகப் பெரிதாக Whi5 என்ற தடைப் புரதம் நீர்த்துப்போவதால் பிரிதல் தொடங்குகிறது என்று 2015இல் ஒரு குழு சொன்னது. மற்ற ஆய்வகங்கள் சில அதை மறுத்திருக்கின்றன. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

ராணி: செல் தன் அளவை எப்படி அறிகிறது?

முதல் பதிலைப் படியுங்கள்.

பாஸ்கர்: மனித செல்லும் 2 மைக்ரான் கூட்டிக்கொண்டுதானே பிரியும்?

ஏற்றாதீர்கள் என்று மேலேயே சொன்னேன். அந்த 2 கூட கணக்குக்காக வைத்தது.

பெயர் வேண்டாம்: கழுத்தில் ஒரு கட்டி இருக்கிறது...

இங்கே கேட்காதீர்கள். தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நிலா: தவளை முட்டை வளராமலே பிரிகிறதே?

அருமையான கேள்வி. ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். சுமார் 12 முறை வளராமலே வேகவேகமாகப் பிரியும். செல்கள் சிறுத்துக்கொண்டே போக, டிஎன்ஏ மட்டும் ஒவ்வொரு செல்லிலும் அதே அளவு இருக்கும். செல்லை நிரப்பும் கூழான சைட்டோபிளாசத்தோடு ஒப்பிட டிஎன்ஏ ஓரளவு ஓங்கியதும் வேகம் குறைந்து, கருவின் சொந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்கும்.