மூன்று மா நிலத்தை அடகு வைக்கும் முன்னால்

மன்னார்குடி பக்கத்து விவசாயக் குடும்பம். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதத்திலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண். "கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர எதுவும் சோறு போடாது" என்று சொல்லி, சென்னையில் இருக்கும் தாய்மாமா ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்குப் பேசி வைத்துவிட்டார். நன்கொடைக்காக மூன்று மா நிலத்தை அடகு வைக்கலாமா என்று அப்பா கேட்கிறார்.

வேண்டாம் ஐயா. கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்காக ஏறக்குறைய ஒரு ஏக்கர் நஞ்சையைக் கடனில் தள்ளுவீர்களா? நாலு வருடம் கழித்து வட்டி கட்டப்போவது மாமா இல்லை, நீங்கள்.

அப்புறம், பிள்ளையின் மனசு. 2018 கஜா புயலில் தோப்புத் தென்னைகள் சாய்ந்தபோது கொல்லை மூங்கில் மட்டும் எப்படி நின்றது என்று இன்னமும் கேட்கிறாள். எதிர்வீட்டில் மூன்று மாடி எழும்பியதும் உங்கள் முற்றத்தில் காற்று ஏன் நின்றது என்றும் கேட்கிறாள். இதை விளையாட்டுப் பேச்சு என்று தள்ளாதீர்கள். இந்தக் கேள்விகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது: நகரத்துக் கட்டடங்களும் மரங்களும் காற்றை எப்படித் திருப்புகின்றன என்று கணினியில் கணக்கிடுவது.

ஒரு தெருவை லட்சக்கணக்கான சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகம், அழுத்தம் இரண்டையும் தண்ணீரும் காற்றும் ஓடும் விதத்தைச் சொல்லும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளால் கண்டுபிடிப்பார்கள். வாய்க்காலில் கல் கிடந்தால் தண்ணீர் சுற்றிப் போகும். கோரை மண்டியிருந்தால் ஊடே புகுந்து வேகம் குறையும். கட்டடம் கல், மரம் கோரை. அதனால் மரத்துக்கு ஒரு கன மீட்டரில் எத்தனை சதுர மீட்டர் இலை என்ற அளவைக் கொடுக்க வேண்டும். மரம் காற்றைத் தடுக்கும் விசை, காற்று வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்.

ஒடுங்கிய தெருவில் இருபுறமும் உயரமான வீடுகள் இருந்தால், காற்று பெரும்பாலும் கூரைகளுக்கு மேலேயே போய்விடும். உள்ளே ஒரு சுழல்தான் சுற்றும். அங்கே அடர்ந்த கிளைகள் மேலே மூடிக்கொண்டால் வண்டிப் புகை வெளியேறத் திணறும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில், சின்ன மாதிரித் தெருக்களில் காற்றைச் செலுத்திப் பார்க்கும் காற்றுச் சுரங்க ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. ஆனால் வெயிலில் நடப்பவருக்கு அதே மரம்தான் நிழல். எந்தத் தெருவில், எந்த மரத்தை, எவ்வளவு இடைவெளியில் நடுவது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். கும்பகோணம், தஞ்சாவூர் போல நெருக்கிக் கட்டிய ஊர்களுக்கு இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் கட்டாயம் வேண்டும்.

வழி? மன்னார்குடி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் அல்லது இயற்பியல். தனியார் கட்டணத்தோடு பார்த்தால் செலவு மிகக் குறைவு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. பிறகு ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி., அடுத்து மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் கேட் தேர்வு. டெல்லி ஐஐடியிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் வளிமண்டல அறிவியலுக்குத் தனி மையங்கள் இருக்கின்றன. புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கட்டடத்தின் மேல் காற்று என்றால் சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம்.

ஒன்றை மறைக்க மாட்டேன்: 21 வயதில் சம்பளம் வராது. முதுநிலையைத் தாண்டித்தான் வேலை. அந்தப் பொறுமை வீட்டுக்கு வேண்டும். நடுவில் கல்யாணப் பேச்சு எடுக்கும் உறவினரிடமும் நீங்கள்தான் உறுதியாகப் பேச வேண்டும். மாமாவின் கவலைக்கும் பதில் இருக்கிறது: பைத்தான், சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழிகள் இந்தத் துறையின் அன்றாடம். இவள் நிரல் எழுதாமல் இருக்கப்போவதில்லை.

செலவு செய்வதென்றால் ஒரு லேப்டாப்புக்குச் செய்யுங்கள், 16 ஜிபி ராம் இருக்கட்டும். லினக்ஸ் போட்டு, காற்றோட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளட்டும்; 2004 முதல் அது இலவசம். முதல் வருட விடுமுறையில் உங்கள் தெருவின் அகலத்தையும் வீடுகளின் உயரத்தையும் டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். டேப்பின் மறுமுனையை நீங்கள் பிடியுங்கள்.