தினமும் வரும் காணாக்கடிக்கு என்னென்ன சிகிச்சைகள் உள்ளன?

மூன்று மாதங்களாக மாலையானால் உடலெங்கும் தடிப்பு வருவதாகவும், செட்டிரிசின் போட்டால் அடங்கி, விட்டால் திரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ ஓராண்டு இதே அவதியைப் பட்டவன் என்பதால், உங்கள் தூக்கமற்ற இரவுகள் எனக்கு நன்றாகவே புரிகின்றன.

ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காணாக்கடியை நாள்பட்டது என்பார்கள். இதற்கு உணவு காரணமாவது அரிது. பலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் எனும் எதிர்ப்பு அணுக்களைத் தூண்ட, அவை அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகின்றன. இது தெரியாமல் பால், முட்டை என ஒவ்வொன்றாக விலக்கி நான் இளைத்ததுதான் மிச்சம். மருத்துவர் என் முன்கையிலிருந்த ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு அனுப்பினார். மறுநாள் காலையில் வட்டம் அப்படியே இருந்தது, உள்ளே தடிப்பின் சுவடே இல்லை. முழங்கைக்கு மேலே புதிதாக இரண்டு கிளம்பியிருந்தன. 24 மணி நேரத்துக்குள் இப்படி இடம் மாறுவதுதான் காணாக்கடியின் இயல்பு. ஒரே இடத்தில் அதற்கு மேலும் நின்று, எரிந்து, கன்றிய தடம் விட்டால் ரத்தக்குழாய் அழற்சியா என்று பார்க்க வேண்டும்.

சிகிச்சையில் நான் செய்த பெரிய தவறு, அரித்த பிறகு மாத்திரை தேடியது. செட்டிரிசின், லோரட்டடின், பெக்சோபெனடின் போன்ற அதிகம் தூக்கம் தராத மாத்திரைகளை, தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் எடுக்க வேண்டும், ஏனெனில் அவை ஹிஸ்டமின் வந்து சேரும் இடத்தை முன்கூட்டியே அடைத்து வைப்பவை. இரண்டு முதல் நான்கு வாரங்களில் போதிய பலன் தெரியாவிட்டால், மருத்துவர் அதே மாத்திரையை வழக்கமான அளவின் நான்கு மடங்கு வரை கூட்டலாம். எனக்கு இரண்டு மடங்கிலேயே அடங்கியது. தயவுசெய்து நீங்களாகக் கூட்டாதீர்கள். அதற்கும் கட்டுப்படாதவர்களுக்கு நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஓமலிசுமாப் ஊசியும், அதன் பின் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தும் உண்டு. ஸ்டீராய்டு உடனே அடக்கும். ஆனால் கடும் நாட்களில் சில தினங்களுக்கு மட்டுமே அது ஏற்றது.

ஆஸ்பிரின், இபுப்ரோபென் போன்ற வலி மாத்திரைகள் பலருக்குத் தடிப்பைக் கிளப்பிவிடும். இறுக்கமான உடையும் வெந்நீர்க் குளியலும் அப்படியே. நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ மாத்திரையை நம்பிக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். அப்போது உயிர் காப்பது அட்ரினலின் ஊசிதான்.