முகவரி மாறியதால் தள்ளுபடியான வழக்கு

கேள்வி: வேலையிடத்தில் இனப் பாகுபாடு என்று நியூ ஜெர்சி ஃபெடரல் கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் நானே வழக்குப் போட்டிருந்தேன். வீடு மாறியதில் கோர்ட் கடிதங்கள் கிடைக்கவில்லை. வழக்கை நடத்தவில்லை என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். மறுபடி தொடுக்கத் தடையில்லை என்று உத்தரவில் இருக்கிறது. தொடுக்கலாமா?
- வாசகி, நியூ ஜெர்சி

பதில்: அந்த வரியை நம்பி இருந்துவிடாதீர்கள். சம வேலைவாய்ப்பு ஆணையத்தின் அனுமதிக் கடிதம் கிடைத்த 90 நாளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். பழைய வழக்கு நடந்த காலத்தைப் பொதுவாக அதில் கழிக்க மாட்டார்கள். கெடு தாண்டியிருந்தால் புது வழக்கு நிற்காது.

அதே கோர்ட்டில், அதே வழக்கு எண்ணில், ஃபெடரல் உரிமையியல் நடைமுறை விதி 60(பி)-யின் கீழ் தள்ளுபடியை நீக்கக் கேட்டு மனுப் போடுங்கள். அதிகபட்சம் ஓராண்டு என்றாலும் தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள். இந்த வாரமே போடுங்கள். தபால் நிலைய முகவரி மாற்ற ரசீது, புது வாடகை ஒப்பந்தம், உறுதிமொழிப் பத்திரம் மூன்றையும் இணையுங்கள். முகவரி மாறினால் 7 நாளுக்குள் கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதை ஏன் செய்யவில்லை என்று ஒளிக்காமல் எழுதுங்கள். வேண்டுமென்றே விட்டீர்களா, எதிர்த்தரப்புக்குப் பாதிப்பா, வழக்கில் சாரம் உண்டா என்றெல்லாம் நீதிபதி பார்ப்பார். ஆகவே பாகுபாட்டுக்கான மின்னஞ்சல்களையும் சேருங்கள்.

மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். இனப் பாகுபாட்டுக்கு மட்டும் ஃபெடரல் சட்டத்தின் 1981-ஆம் பிரிவில் (இது ஆண்டு அல்ல, பிரிவு எண்) பெரும்பாலும் 4 ஆண்டு அவகாசம் உண்டு; அந்த வழி இன்னும் திறந்திருக்கிறதா என்று வக்கீலிடம் முதலில் கேளுங்கள்.